காலடியில் வாழும் மரபு

நிலம் வேறுபடின் தொழில் வேறுபடும். தொழில் வேறுபடின் ஆடலும் பாடலும் வேறுபடும். இவ்வுண்மையைத் தொல்காப்பியர் நன்கு உணர்ந்திருந்தார். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் தொழிலையும் சேர்த்தே அவர் எண்ணினார். உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் ஒரு நிலத்து மக்களுக்கு எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது அவர்கள் கொட்டும் பறையும் என்பது அப்பெரியார் கருத்தாகும். நெய்தல் நிலத்துக்குரிய பறை மீன்கோட்பறை என்று உரையாசிரியர் குறித்தனர். பறையின் பெயரிலேயே தொழிலின் பெயர் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

ஆகவே கலை என்பது ஓய்வுப் பொழுதில் கண்டு களிக்கும் பொருள் மட்டும் அன்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தாலாட்டு. நாற்று நடுவோர்க்கு நடவுப்பாட்டு. மணமகனுக்கும் மணமகளுக்கும் நலுங்குப்பாட்டு. மறைந்தாரை எண்ணி வருந்துவோர்க்கு ஒப்பாரி. இவ்வாறு பிறப்பு முதல் இறப்பு வரை மனிதன் கடந்து செல்லும் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பாட்டோ ஓர் ஆட்டமோ நின்று அவனை வரவேற்கிறது, வழியும் அனுப்புகிறது. முன்னோர் விட்டுச்சென்ற செல்வங்களுள் இதனினும் சிறந்தது அரிது.

ஆயினும் வாழ்க்கை என்றும் ஒரு நிலையில் நிற்பதன்று. தொழில்கள் மாறுகின்றன; சடங்குகள் சுருங்குகின்றன; ஊரில் இருந்தோர் நகரத்திற்குச் செல்கின்றனர். வாழ்க்கை மாறும்போது, அதனோடு பிணைந்து வளர்ந்த கலை என்ன ஆகும்? இவ்வினாவை ஆராய்தற்குத் தூத்துக்குடி மாவட்டம் மிகவும் ஏற்ற இடமாகும். அம்மாவட்டத்தின் கடற்கரை இதற்கு ஒரு விடை கூறுகின்றது. அதன் கரிசல் நிலம் வேறொரு விடை கூறுகின்றது.

முதற்கண் கடற்கரையைக் காண்போம். தூத்துக்குடிக்குத் தெற்கே, பொருநையாறு கடலொடு கலக்கும் பகுதிக்கு அண்மையில் உள்ளது கொற்கை. இன்று அது கடலை விட்டு விலகி நிற்கும் சிற்றூர். சங்க காலத்தில் அதுவே பாண்டியரின் புகழ்பெற்ற துறைமுகம். முத்து வணிகத்தின் தலைவாயில். ஆறு கொணர்ந்த மண் படிந்து கடல் விலகவே, துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்தது. பின்னர்த் தூத்துக்குடி தலையெடுத்தது. துறை மாறியபோதும் தொழில் மாறவில்லை. மன்னார் வளைகுடாவின் அடியில் ‘பார்’ என வழங்கும் பாறைத் திட்டுகளில் முத்துச்சிப்பி வளர்ந்தது. அதனை எடுத்து வரும் திறம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது.

நள்ளிரவுக்குப் பின், நிலக்காற்று வீசும் வேளையில் தோணிகள் கரையை விட்டுப் புறப்படும். பொழுது புலரும்போது பாரை அடையும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் வைத்து, மூச்சை அடக்கி, அதன் சுமையால் கடலின் அடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரி வலைப்பையில் நிரப்பிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அவ்வசைவை உணர்ந்து அவரை மேலே இழுப்பார். குளிப்பவரின் உயிர் கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது என்றால் அது மிகையன்று.

இத்தகைய தொழிலில் பாட்டும் சடங்கும் தாமே வந்து பொருந்தின. துடுப்பு வலிப்போர் பலரின் தோள்களை ஒரு தோளாக்கியது ஏலேலோப் பாட்டு. சுறாமீனால் தீங்கு நேராதவாறு மந்திரம் செய்பவராக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்பாரும் இருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, இத்தகைய மந்திரம் செய்வார்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதைக் கூறியுள்ளார். மந்திரத்தால் சுறா கட்டுண்டதோ இல்லையோ, அஞ்சி நின்ற நெஞ்சம் துணிவு பெற்றது.

1955ஆம் ஆண்டு தொடங்கி 1961ஆம் ஆண்டு வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் பார்களில் சிப்பி வளம் குன்றியமையால் அத்தகைய பெருங்குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளித்தல் மட்டும் தொடர்ந்தது. துடுப்பின் இடத்தை விசைப்பொறி பற்றிக்கொண்டது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. பெருங்கப்பல்கள் வந்து சேர்ந்தன. இவையெல்லாம் நாட்டின் வளர்ச்சிக்கு வேண்டியனவே. ஆயின், துடுப்பு ஓய்ந்த இடத்தில் துடுப்புப் பாட்டும் ஓய்தல் இயல்பன்றோ? கடல்கட்டிக்குக் கட்டுதற்குக் கடல் இருந்தது. காத்தற்குக் குளிப்பவர் இல்லை. அறிந்தோர் இலராயினமையால் அவ்வழக்கம் மறைந்ததன்று. அதற்குரிய களம் மறைந்தது. அதனால் அதுவும் மறைந்தது. இது கடற்கரை கூறும் விடை.

இனிக் கரிசல் நிலம் கூறும் விடையைக் கேட்போம். தூத்துக்குடியிலிருந்து வடமேற்கே செல்வோர் உப்பளங்களைக் கடந்தபின் கறுத்த மண்ணையும் பருத்திச் செடிகளையும் காண்பர். ஒட்டப்பிடாரத்தை அடுத்துப் பாஞ்சாலங்குறிச்சி இருக்கின்றது. அதனை ஆண்ட வீரபாண்டிய கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அவர் தோன்றிய இராஜகம்பளத்து நாயக்கர் குலத்தார் தொன்றுதொட்டு ஆடி வரும் ஆட்டமே தேவராட்டம் ஆகும். அரண்மனை அழிந்தது, கோட்டை இடிந்தது, ஆட்டம் மட்டும் அழியவில்லை. கல்லால் கட்டியதை இடிக்கலாம். காலால் கற்றதை எவரால் இடிக்க இயலும்?

தேவராட்டம் எளிமையும் மிடுக்கும் ஒருங்கே அமைந்தது. பொதுவாக எட்டுப் பேர் முதல் பதின்மூன்று பேர் வரை ஆடுவர். வேட்டி கட்டி, தலைப்பாகை அணிந்து, இடையில் துணி சுற்றி, காலில் சலங்கை பூண்டு, கைகளில் கைக்குட்டை ஏந்தி அவர்கள் வரிசையாக நிற்பர். இவ்வாட்டத்திற்குப் பாட்டு இல்லை. தேவதுந்துபி என்று அவர்கள் போற்றும் உறுமியே பாட்டும் பக்கவாத்தியமும் ஆகின்றது. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசுவர். மறு முகத்தைக் கொட்டுவர். உரசும்போது எழும் ஒலி விலங்கின் உறுமல் போன்றிருத்தலின் அக்கருவி உறுமி எனப் பெயர் பெற்றது. கொட்டின் நடை மாறும்போது காலின் நடையும் மாறும். மெல்லத் தொடங்கும் ஆட்டம் படிப்படியாக விரைந்து, காண்போர் கண்ணுக்குப் பல கால்கள் ஒரு காலாகத் தோன்றும் நிலையை எய்தும். அடிப்படையான அடவுகள் 32 என்று ஆடுவோர் கணக்கிடுவர்.

இதன் தொன்மையைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். போரில் வென்ற அரசனின் தேருக்கு முன்னும் பின்னும் வீரர் ஆடியதாகப் பண்டை நூல்கள் கூறும் முன்தேர்க்குரவையும் பின்தேர்க்குரவையுமே இதற்கு மூலம் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும் ஆகுக. இன்று இவ்வாட்டம் ஒரு குலத்தின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்திருப்பதே கருதத்தக்கது.

பெண் பூப்பெய்திய மங்கல நாளிலும், மணவிழாவிலும், குலதெய்வத்தின் திருவிழாவிலும் தேவராட்டம் உண்டு. முதியோர் இயற்கை எய்தியபோது அவரை வழியனுப்பும் இறுதிச் சடங்கிலும் அது உண்டு. மகிழ்ச்சிக்கு ஓர் ஆட்டம், துயரத்துக்கு ஓர் ஆட்டம் என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை. மணப்பந்தலின்முன் ஆடிய கால்களே இடுகாட்டு வழியிலும் ஆடுகின்றன. வாழ்வு ஒரு வட்டம். அவ்வட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் ஏற்று மற்றொரு பகுதியை மறுத்தல் இயலாது என்னும் பெரிய உண்மை இதனுள் அடங்கியிருக்கின்றது. நூல் படியாத உழவரும் இவ்வுண்மையைக் காலால் அறிந்திருந்தனர்.

முற்காலத்தில் இவ்வாட்டம் அக்குலத்தார்க்கு மட்டுமே உரியதாய், ஆண்கள் மட்டுமே ஆடுவதாய் இருந்தது. இந்நிலை மாறிற்று. ஜமீன் கோடாங்கிபட்டி முதலிய ஊர்களின் கலைஞர் ஊரெல்லையைக் கடந்து பிற மேடைகளில் ஆடினர். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதனைப் பயில்வோர் தோன்றினர். இன்று பிற குலத்துப் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சலங்கை கட்டி இதனை ஆடுகின்றனர். கடற்கரையில் களம் மறைந்ததனால் வழக்கம் மறைந்தது; கரிசலில் பழைய களம் இருக்கும்போதே புதிய களமும் தோன்றியது. இது கரிசல் கூறும் விடை.

ஆயின் இவ்விடையிலும் ஒரு சிக்கல் உண்டு. “ஊரில் விடிய விடிய ஆடிய ஆட்டத்தை மேடையில் பத்து நிமிடத்தில் அடக்கினால் அதன் உயிர் நிற்குமா? சடங்கின் பொருள் அறியாதார் அடவை மட்டும் கற்றால் அது உடற்பயிற்சியாய் முடியாதா?” என்று ஒரு சாரார் வருந்துவர். “ஊருக்குள் அடைத்து வைத்தால் கற்போர் குறைந்து ஒரு நாள் முற்றும் மறையுமே; எல்லாரும் கற்றலே நன்று” என்று மற்றொரு சாரார் வாதிடுவர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. இவ்வழக்கைத் தீர்ப்பதற்குத் தொலைவில் உள்ள வேறொரு நாட்டின் அனுபவம் துணை செய்யும்.

அந்நாடு ஸ்பெயின். அது அமைந்துள்ள ஐபீரியத் தீபகற்பத்து மக்கள் முத்துக்குளித்துறைக்கு முற்றிலும் புதியவர் அல்லர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இக்கரைக்கு வந்தனர். இன்றைய ஸ்பெயினின் வடபகுதியாகிய நவாரில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் இக்கரை ஊர்களுக்கு வந்து பணிபுரிந்தார். ஸ்பெயினின் தென்பகுதி அந்தலூசியா எனப்படும். அங்கே பிறந்து வளர்ந்த ஆடலும் பாடலும் இசையும் சேர்ந்த கலையே பிளமெங்கோ ஆகும்.

அக்கலையை வளர்த்தோருள் தலையாயவர் ஹித்தானோர் என்னும் நாடோடி இனத்தார். அவர்தம் முன்னோர் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டவர் என்பதை அவ்வினத்தாரின் பழைய மொழியே காட்டிக்கொடுக்கின்றது. அதன் இலக்கணமும் சொற்களும் வடஇந்திய மொழிகளோடு உறவுடையன. 1425ஆம் ஆண்டில் அவர்கள் ஸ்பெயின் மண்ணில் இருந்தமைக்கு ஆவணம் உண்டு. ஆயினும் அம்மண் அவர்களை எளிதில் ஏற்கவில்லை. 1499 முதல் அவர்களுக்கு எதிரான சட்டங்கள் பல பிறந்தன. 1749இல் நாடெங்கும் ஒரே காலத்தில் அவர்களைச் சிறைப்பிடித்து, ஆடவரையும் மகளிரையும் வேறுவேறு இடங்களில் அடைத்தனர். இத்துயரமெல்லாம் அவர்தம் பாட்டில் கனன்றது. அந்தலூசியாவின் உழவர் பாடலும், அங்கு நெடுங்காலம் வாழ்ந்த அராபியரின் இசைச் சாயலும் அதனோடு கலந்தன. இவ்வாறு 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிளமெங்கோ உருப்பெற்றது.

தேவராட்டத்தில் உறுமி பேசுவதுபோலப் பிளமெங்கோவில் காலணி பேசும். ஆடுவோர் குதிகாலாலும் நுனிக்காலாலும் மரத்தளத்தை மாறிமாறித் தட்டித் தாளத்தை எழுப்புவர். சுற்றி இருப்போர் கைகொட்டுவர், கித்தார் ஒலிக்கும், பாடுவோர் குரல் ஓங்கும். பல வகைகளில் தாளம் பன்னிரண்டு தட்டுகளைக் கொண்ட வட்டமாகச் சுழலும். அவ்வட்டத்தைத் தவறவிடாது, அதன் உள்ளே புதுப்புது நடைகளைப் படைத்தலே ஆடுவோரின் திறமாகும்.

வாழ்க்கையின் படிகளுக்கு ஏற்பவே அக்கலையின் வகைகளும் அமைந்தன. தொட்டிற் குழந்தைக்குப் பாடுவது ‘நானா’. களத்தில் கதிரடிப்போர்க்கு ஒரு பாட்டு. கொல்லுலையில் சம்மட்டி ஓச்சுவோர்க்கு ‘மார்த்தினேத்தே’ என்னும் மற்றொரு பாட்டு. பின்னதற்குக் கித்தாரும் இல்லை; இரும்பின் ஓசையே துணை. மணவிழாவில் பாடுவது ‘அல்போரெயா’. மணவீட்டில் அன்றிப் பிற இடத்தில் அதனைப் பாடலாகாது என்று ஹித்தானோர் நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தனர். சாவின் துயரையும் ஆற்றொணாத் தனிமையையும் பாடுவது ‘செகிரியா’. நிலமும் மொழியும் வேறாயினும், தாலாட்டும் நலுங்கும் ஒப்பாரியும் அங்கும் உள்ளன என்பதை இதனால் அறியலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாட்டு விடுதிகள் தோன்றின. இல்லங்களிலும் முற்றங்களிலும் நிகழ்ந்த கலை, பணம் கொடுப்போர்க்காக மேடை ஏறியது. கலைஞர்க்குப் பிழைப்புக் கிடைத்தது. ஆடற்கலை மேடையில் நுட்பம் பெற்று வளர்ந்தது. ஆயினும் பழைய ஆழம் போய் வெறும் பகட்டு மிகுந்தது என்று சிலர் கவன்றனர். இசைவல்லார் மனுவேல் தே பாயாவும் இளங்கவிஞர் பெதெரிக்கோ கார்சியா லோர்காவும் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். இவர்களும் நண்பர்களும் கூடி, 1922ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கிரனாடா நகரத்து அல்ஹம்பிரா அரண்மனையில் ஒரு பாட்டுப் போட்டியை நடத்தினர். பிழைப்புக்காகப் பாடும் தேர்ந்த பாடகரை விலக்கி, ஊர்ப்புறத்து மக்களையும் இளையோரையும் அழைத்தனர்.

அப்போட்டியில் பரிசு பெற்றோர் இருவரைப் பற்றிய செய்தி உள்ளத்தில் பதித்தற்கு உரியது. ஒருவர் ஏறத்தாழ எழுபது வயதுடைய ‘எல் தெனாசாஸ்’ என்னும் முதியவர். பாடுவதை நெடுங்காலம் விட்டிருந்த அவர் தம் ஊரிலிருந்து நடந்தே வந்தார் என்று கூறுவர். மற்றவன் பன்னிரண்டு வயதுடைய சிறுவன். பின்னாளில் மனோலோ கரக்கோல் என்னும் பெரும்பாடகனாகப் புகழ் பெற்றவன். மறைந்துபோகும் என்று அஞ்சிய கலை, ஒரே மேடையில் முதுமையின் நினைவாகவும் இளமையின் குரலாகவும் எழுந்து நின்றது. மரபு என்பது இவ்விரண்டும் சந்திக்கும் இடமேயன்றி வேறில்லை.

பின்வந்தோர் அம்மரபைப் போற்றினர். போற்றியதோடு நில்லாது வளர்த்தனர். பார்சலோனா நகரத்துக் கடற்கரையில், சொமோரோஸ்த்ரோ என்னும் ஏழைக் குடிசைப் பகுதியில் பிறந்தார் கார்மென் அமாயா. தந்தையின் கித்தாருக்கு இளமையிலேயே ஆடத் தொடங்கிய அவர், ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட விரைந்த காலடிகளைத் தாம் மேற்கொண்டார். நீண்ட பாவாடையை விடுத்து ஆடவர் உடையிலும் ஆடினார். உலக நாடுகள் பலவும் அவர் ஆட்டத்தைக் கண்டு வியந்தன. 1963இல் அவர் மறைந்தார். அவர் திறந்த வாயில் அடைபடவில்லை. இன்று தேவராட்டம் பயிலும் பெண்பிள்ளைகள் அவர் பெயரை அறிந்துகொள்ளுதல் நன்று.

இக்காலத்தில் சிறந்து விளங்குவோருள் ஒருவர் 1973இல் செவில்யா நகரில் பிறந்த இஸ்ரயேல் கல்வான். அவர்தம் தாயும் தந்தையும் ஆடற்கலைஞர். மரபு முழுவதையும் இளமையிலேயே கற்ற அவர், பின்னர் அதன் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஆராய்ந்தார். ஓசைக்கு நடுவே அசையாது நின்றார். இசையின்றித் தம் காலின் ஒலிக்கே ஆடினார். உலக முடிவைப் பொருளாகக் கொண்டு 2008இல் அமைத்த ஆட்டத்தில் சவப்பெட்டியினுள் நின்று ஆடினார். இரண்டாம் உலகப் போரில் நாசிகள் நாடோடி இனத்தாரைக் கொன்று குவித்த கொடுமையை 2012இல் ஓர் ஆட்டமாக ஆக்கினார். இது பிளமெங்கோ ஆகுமா என்று ஐயுற்றோர் உளர். ஆனால் செகிரியாவில் முன்னோர் பாடிய சாவும் துயருமே அவர் ஆட்டத்திலும் உள்ளன. உருவம் மட்டுமே புதிது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் பிளமெங்கோவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. பாதுகாக்க வேண்டிய பழம்பொருளாகவும் நாள்தோறும் புதுமை பெறும் உயிர்க்கலையாகவும் அது ஒரே காலத்தில் விளங்குகின்றது.

இவ்வரலாற்றால் புலப்படும் உண்மைகள் மூன்று. முதலாவது, மேடை கலைக்குப் பகை அன்று, மறதியே பகை. மேடை ஏறியதனால் பிளமெங்கோ கெடவில்லை. வேரை மறந்தபோது மெலிந்தது. வேரைத் தேடியபோது தழைத்தது. தேவராட்டம் பயிலும் மாணவன் அடவுகளோடு அமையாது, இவ்வடவை எவர் ஆடினர், எந்நாளில் ஆடினர், எதற்காக ஆடினர் என்பவற்றையும் ஊர் முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும். அவர்களைக் குருவாகப் போற்றுதலும் வேண்டும். கலையைப் பெற்றுக்கொண்டு கலைஞரை மறத்தல் நன்றி கொன்ற செயலாகும்.

இரண்டாவது, மரபை மாற்ற விரும்புவோர் முதலில் அதனை முற்றக் கற்றல் வேண்டும். மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. கல்வான் கட்டுகளைத் தளர்த்தியது அவற்றைக் கட்டத் தெரிந்த பின்னரே ஆகும். கல்லாதவன் செய்யும் மாற்றம் சிதைவு. கற்றவன் செய்யும் மாற்றம் வளர்ச்சி.

மூன்றாவது, ஒவ்வொரு தலைமுறையும் தன் வாழ்வைத் தன் முன்னோரின் நடையில் ஆடிப் பார்த்தல் வேண்டும். பழைய மணமும் பழைய போரும் மட்டுமே ஆட்டத்துக்குப் பொருள் ஆவன அல்ல. மழை பொய்த்த கரிசலும், உப்பளத்தில் வெயில் சுமக்கும் உழைப்பாளியும், கடலுக்குச் சென்றவர் வருகையை நோக்கிக் கரையில் காத்திருக்கும் தாயும் இன்றைய ஆட்டத்துக்குப் பொருளாகலாம். முத்துக்குளித்தல் மறைந்தது உண்மையே. ஆயினும் மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கிய அத்துணிவையும், மேலே கயிறு பிடித்துக் காத்திருந்த அந்நம்பிக்கையையும் ஆடிக் காட்டுதற்கு எவர் தடை? தொழிலில் மறைந்தது கலையில் வாழலாம். அதற்குக் கடற்கரை முதியோர் உள்ளத்தில் எஞ்சியிருக்கும் பாட்டையும் சொல்லையும் காலம் கடவாமல் தொகுத்தல் முதற் கடமையாகும்.

இதற்கு நல்லதோர் உவமை அக்கடலிலேயே இருக்கின்றது. பெருங்குளிப்பு நின்று பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1973இல், தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கி வெற்றி கண்டனர். உயிருள்ள சிப்பியின் உடலில், சிறியதோர் உருண்டையை வைப்பர். அதனோடு, வேறொரு முத்துச்சிப்பியின் மேலுறைத் தசையிலிருந்து நறுக்கிய ஒரு துணுக்கையும் வைப்பர். அத்துணுக்கு வளர்ந்து உருண்டையைச் சூழ்ந்து, ஒளிப்பூச்சைப் படலம் படலமாகச் சுரந்து முத்தாக்கும். உருண்டை புதிது, அதன்மேல் படியும் ஒளியோ, கொற்கை முத்துக்கு இருந்த அதே ஒளி. அத்தசைத் துணுக்கு இல்லையாயின் உருண்டை உருண்டையாகவே கிடக்கும்.

கலையும் அத்தகையதே. இன்றைய வாழ்வு புதிய உருண்டை. முன்னோரிடமிருந்து பெற்ற மரபு அவ்வுயிர்த் துணுக்கு. இரண்டும் ஒருங்கு சேர்தல் வேண்டும். பொறுமையோடு காத்திருத்தலும் வேண்டும். அவ்வாறு காத்திருந்து பயிலும் இளைஞர் உள்ளவரை, உறுமியின் ஒலி கரிசலில் ஓயாது. மறைந்துபோன கடற்பாட்டும் வேறோர் உருவில் மீண்டு வருதல் கூடும்.